மூஸ் ஜா போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் ரெஜைனாவில் குடியிருக்கிறோம். கோடையில் வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரு நாளாவது மூஸ் ஜாவுக்குக் கூட்டிப்போவது வழக்கமாகிவிட்டது. கால்கரியிலிருந்து வினிபெக்குக்கோ டொராண்டோவுக்கோ காரில் போகும் நண்பர்களும் 'நடுவில் எங்கே தங்கலாம்?' என்று போன் செய்வார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் எல்லாவற்றையும் எழுதிவைத்துவிட்டேன். நுழைவுக் கட்டணமும் திறக்கும் நேரமும் வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால் அவற்றை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். கிளம்புவதற்கு முன் நீங்களே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மூஸ் ஜா எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரிய ஊர்?

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், தலைநகர் ரெஜைனாவுக்கு மேற்கே சுமார் 70 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலை ஊரின் வடக்கு ஓரத்தை உரசிக்கொண்டு போகிறது. 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 33,665. ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் காரில் பதினைந்து நிமிடம்கூட ஆகாது. 1882-ல் கனடியன் பசிபிக் ரயில் பாதை இந்தச் சமவெளிக்கு வந்தபோது உருவான ஊர், 1903-ல் நகரமானது. அதற்கு முன்பே ஆற்றங்கரையில் கிரீ, லகோட்டா உள்ளிட்ட பழங்குடிகள் முகாமிட்டு வாழ்ந்திருக்கிறார்கள். இன்றும் இந்த நிலப்பகுதியை, 1874-ல் பழங்குடிகளுக்கும் பிரிட்டிஷ் முடியரசுக்கும் இடையே போடப்பட்ட 'நான்காம் ஒப்பந்த' நிலம் என்றே குறிப்பிடுகிறார்கள்.

அதென்ன பெயர், 'மூஸ் மானின் தாடை'?

எங்கள் மாமியார் முதல்முறை கேட்டதும் இதே கேள்விதான். இரண்டு கதைகள் உண்டு. ஆறு வளையும் வடிவம் மூஸ் மானின் தாடை மாதிரி இருந்ததால் வந்த பெயர் என்பது ஒன்று. 'இளஞ்சூடான காற்று' என்ற பொருளுள்ள கிரீ மொழிச் சொல் வெள்ளைக்காரர் காதில் 'மூஸ் ஜா' என்று விழுந்துவிட்டது என்பது இன்னொன்று. நம்மூரில் தூத்துக்குடி 'டியூட்டிகோரின்' ஆனதைப் பார்த்தவர்களுக்கு இரண்டாவது கதையை நம்புவதில் சிரமம் இருக்காது.

எப்படிப் போவது? கார் இல்லாமல் முடியுமா?

கார்தான் வழி. கால்கரியிலிருந்து சுமார் 690 கி.மீ., வினிபெக்கிலிருந்து சுமார் 645 கி.மீ. இரண்டு பக்கமும் ஏழு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளோடு என்றால் எட்டு. விமானத்தில் வருபவர்கள் ரெஜைனாவில் இறங்கி வாடகைக் கார் எடுத்தால் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம்.

ரயிலால் பிறந்த ஊருக்கு இப்போது பயணிகள் ரயிலே கிடையாது. நாட்டின் குறுக்கே ஓடும் ரயில் 1990-ல் வடக்குப் பாதைக்கு மாறிவிட்டது. மாகாண அரசின் பேருந்து நிறுவனம் 2017-ல் மூடப்பட்டது, அடுத்த வருடமே கிரேஹவுண்ட் என்ற தனியார் பேருந்து நிறுவனமும் மேற்கு கனடாவை விட்டுப் போனது. நெடுஞ்சாலையில் ஓடும் தனியார் பேருந்தைப் பிடித்து வந்தாலும் ஊருக்குள் சுற்றக் கார் வேண்டும். பார்க்க வேண்டியவற்றில் பாதி ஊருக்கு வெளியே இருக்கிறது.

கார் ஓட்டுபவர்களுக்கு ஒரு விஷயம். நெடுஞ்சாலை வேக வரம்பு மணிக்கு 110 கி.மீ. சாலை அளவுகோல் வைத்துக் கோடு போட்டது மாதிரி இருக்கும், தூக்கம் வரும். அந்தி நேரத்தில் மான்கள் சாலையைக் கடக்கும், எனவே இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேருகிற மாதிரி திட்டமிடுங்கள். இந்த மாகாணத்தில் 7 வயதுக்கு உட்பட்ட சின்னப் பிள்ளைகளுக்கு பூஸ்டர் இருக்கை கட்டாயம். வாடகைக் காரோடு அதையும் முன்பே சொல்லி வைத்துவிடுங்கள்.

எத்தனை நாள் ஒதுக்கலாம்?

இரண்டு இரவு. பலர் போகிற வழியில் நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய மான் சிலையோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஒரு பகல் மட்டும் தங்கினால் சுரங்கப் பாதைச் சுற்றுலாவுக்கும் அருங்காட்சியகத்துக்கும் ஓடியே பொழுது போய்விடும். இரண்டாவது நாள் காலையில் பூங்கா வாத்துக்கு முன்னால் பிள்ளைகள் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார்கள் பாருங்கள், ஊருக்கு வந்ததே அதற்குத்தான் என்று அப்போது தோன்றும்.

எந்த மாதம் நல்லது?

ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரை. ஜூலையில் பகல் வெப்பம் சராசரியாக 26 டிகிரி. சில நாள் 35-ஐத் தொடும், ஆனால் சென்னைப் புழுக்கம் கிடையாது. ஜூனில் ஒன்பதே கால் வரைக்கும் சூரியன் மறையாது. 'இன்னும் வெயில் அடிக்குதே, ஏன் தூங்கணும்?' என்று பிள்ளைகள் வாதாடுவார்கள், விடுதி அறையின் கெட்டித் திரைச்சீலைதான் உங்களுக்குத் துணை. கொசு உண்டு, ஆற்றங்கரைப் பக்கம் போனால் அதிகமாகவே உண்டு. புல்வெளியில் நடந்துவிட்டு வந்தால் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று கால், கழுத்தைப் பார்த்துவிடுங்கள்.

குளிர்காலத்தில் வரலாமா என்றும் கேட்கிறார்கள். ஜனவரி இரவுகளில் மைனஸ் 17, 18 சாதாரணம். சில நாட்கள் மைனஸ் 30-க்கும் கீழே போகும், காற்று சேர்ந்தால் மைனஸ் 40 போல உறைக்கும். வாகன நிறுத்தங்களில் மின்சாரப் பிளக் இருப்பதைப் பார்த்துவிட்டு 'எல்லாம் மின்சாரக் காரா?' என்று அப்பா ஆச்சரியப்பட்டார். அது எஞ்சின் உறையாமல் இருக்க இரவில் சொருகி வைக்கும் சூடேற்றிக்காக. சரி, அப்படியும் வரலாம், வெந்நீர்க் குளத்துக்கு வரலாம். கிளம்பும் முன் சாலை நிலவரத்தை 'ஹைவே ஹாட்லைன்' என்ற மாகாண அரசின் சேவையில் பாருங்கள். பனிப்புயல் எச்சரிக்கை இருந்தால் பயணத்தை ஒத்திப்போடுங்கள், இதில் வீரம் காட்ட வேண்டாம்.

அந்தப் பெரிய மான் சிலை உண்மையிலேயே உலகிலேயே உயரமானதா?

நெடுஞ்சாலை ஓரத்தில் பயணிகள் தகவல் மையத்துக்குப் பக்கத்தில் நிற்கும் 'மேக்' என்ற மூஸ் மானைத்தான் கேட்கிறீர்கள். டான் ஃபோல்ட்ஸ் என்ற சிற்பி 1984-ல் இரும்புச் சட்டம் கட்டி, கம்பிவலை போர்த்தி, சிமென்ட் பூசிச் செய்தது. உயரம் 9.8 மீட்டர். முப்பது வருடம் நிம்மதியாக நின்றது. 2015-ல் நார்வேயில், ஆஸ்லோவுக்கும் டிரான்ட்ஹைமுக்கும் நடுவே, ஸ்டோர்-எல்வ்டால் என்ற ஊர் 10.1 மீட்டரில் பளபளக்கும் எஃகு மான் ஒன்றை நிறுத்திவிட்டது. வெறும் 30 செ.மீ. வித்தியாசம்.

2019 ஜனவரியில் இரண்டு யூடியூப்காரர்கள் இந்த அவமானத்தை எடுத்துச் சொன்னதும் ஊர் கொதித்தது. மேக்குக்கு ஷூ மாட்டலாமா, தொப்பி வைக்கலாமா, ஸ்கேட் கட்டலாமா என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். உலகச் செய்தி நிறுவனங்களெல்லாம் வந்துவிட்டன. கடைசியில் நார்வே ஊரின் துணை மேயர் நேரில் வந்து மார்ச்சில் ஒரு சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். உயரத்தில் மேக் முதல், அழகிலும் பளபளப்பிலும் நார்வே மான் முதல். அக்டோபரில் மேக்குக்குப் பழைய கொம்பைக் கழற்றிவிட்டுப் பெரிய கொம்பு வைத்தார்கள். இப்போது உயரம் 10.36 மீட்டர்.

கதையைச் சொல்லிவிட்டு நேரில் காட்டினால் பிள்ளைகளுக்குப் பிடித்துவிடும். சொல்லாமல் காட்டினால் 'சரி, அடுத்து எங்கே?' என்பார்கள். மானின் வயிற்றுக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். கழிப்பறையும் ஊர் வரைபடமும் பக்கத்திலேயே கிடைக்கும்.

சுரங்கப் பாதைச் சுற்றுலா: அல் கபோன் நிஜமாகவே அங்கே ஒளிந்திருந்தாரா?

ஊரின் பெரிய விளம்பரமே இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மெயின் ஸ்ட்ரீட்டுக்கு அடியில், பழைய கட்டடங்களின் நிலவறைகளை இணைத்து 'டன்னல்ஸ் ஆஃப் மூஸ் ஜா' என்ற நிறுவனம் 2000-லிருந்து நாடகத்தன்மையான சுற்றுலா நடத்துகிறது. 'சிகாகோ கனெக்‌ஷன்' என்ற சுற்றில் நீங்கள் கள்ளச்சாராய வியாபாரிகள், 1929-ல் சிகாகோ தாதா அல் கபோனின் ஆட்களோடு பேரம் பேச வந்திருக்கிறீர்கள். வழிகாட்டிகள் அந்தக் கால உடையில் மிரட்டுவார்கள், கூட்டத்திலிருந்து ஒருவரைப் பிடித்து வேலை வாங்குவார்கள். 'பாஸேஜ் டு ஃபார்ச்சூன்' என்ற இன்னொரு சுற்றில் நீங்கள் கனடாவுக்குப் பிழைக்க வந்த சீனத் தொழிலாளி. பனிப்போர் காலத்துப் பதுங்குகுழியைக் காட்டும் மூன்றாவது சுற்று பின்னால் சேர்ந்தது. ஒவ்வொன்றும் சுமார் ஐம்பது நிமிடம்.

அல் கபோன் இங்கே வந்ததற்கு எழுத்துச் சான்று எதுவும் கிடையாது. கதைக்கு ஒரு வேர் மட்டும் உண்டு. 1893-லேயே 'சூ லைன்' ரயில் பாதை இந்த ஊரை அமெரிக்கப் பக்கத்தோடு, அதன் வழியே சிகாகோவோடு, இணைத்துவிட்டது. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. எல்லைக்கு வடக்கே ஒரு ரயில் சந்திப்பு, அதற்கு எதிரே ரிவர் ஸ்ட்ரீட் முழுக்க மலிவு விடுதிகளும் சூதாட்டமும். 'குட்டிச் சிகாகோ' என்று பெயர் வந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் சரக்கு வண்டி வந்துபோன ஊர் என்பதிலிருந்து தாதா வந்துபோன ஊர் என்பதற்குத் தாவ, கொஞ்சம் தைரியம் வேண்டும்.

சீனர்கள் கதை வேறு மாதிரி. அவர்கள் நிலத்தடியிலேயே ஒளிந்து வாழ்ந்தார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். ஆனால் நிலத்துக்கு மேலே நடந்தது எல்லாம் பதிவில் இருக்கிறது. கனடாவுக்குள் நுழையச் சீனருக்கு மட்டும் தலைவரி: 1885-ல் 50 டாலர், 1900-ல் 100, 1903-ல் 500. 1923-ல் கதவையே சாத்தினார்கள், திறக்க 1947 ஆனது. சீன முதலாளிகளிடம் வெள்ளைக்காரப் பெண்கள் வேலை செய்யக் கூடாது என்று சஸ்காச்சுவான் 1912-ல் சட்டம் போட்டது. இதே மூஸ் ஜாவில் உணவகம் நடத்திய குவோங் விங் என்பவர் இரண்டு பணிப்பெண்களை வைத்திருந்ததற்காகத் தண்டிக்கப்பட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, 1914-ல் அங்கேயும் தோற்றார். எனக்கு இந்தச் சுற்றுலாவில் உள்ள மனக்குறை இதுதான்: இல்லாத தாதாவுக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியை இருந்த உணவகக்காரருக்குக் கொடுத்திருக்கலாம்.

அப்படியென்றால் போகாதீர்கள் என்கிறேனா? இல்லை, போங்கள். நாடகமாக நினைத்துப் போனால் நன்றாகவே இருக்கும். பன்னிரண்டு வயது மகனோடு போனபோது சீனச் சுற்றில் வழிகாட்டி எங்களைக் கத்தித் துரத்தினார். சிரித்துக்கொண்டே உள்ளே போனவன் சலவைக்கூடத்து அறையில் சிரிப்பை நிறுத்திவிட்டான். வெளியே வந்ததும் '500 டாலர் அப்போ எவ்வளவுப்பா?' என்றான். வரும் வழியெல்லாம் அதே பேச்சு.

நடைமுறைக்கு வருவோம். படிக்கட்டுகள் நிறைய, தள்ளுவண்டி போகாது, சில இடங்கள் இருட்டு. ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் வேண்டாம் என்பேன். கோடையில் முன்பதிவு இல்லாமல் போனால் காத்திருக்க நேரும்.

வெந்நீர்க் குளம் எப்படி? சின்னக் குழந்தைகளை விடுவார்களா?

ஊரின் நடுவில் 'டெம்பிள் கார்டன்ஸ்' என்ற விடுதியின் நான்காவது மாடியில் இருக்கிறது. பெயரைக் கேட்டுவிட்டு அம்மா, 'கோயிலா? காலையிலேயே குளிச்சிட்டுப் போகணுமா?' என்று கேட்டார். கோயில் இல்லை. அந்தக் காலத்தில் ஊரில் இருந்த ஒரு நடன அரங்கின் பெயர் அது.

தண்ணீர் நிஜமான கனிமத் தண்ணீர். 1910-ல் எரிவாயு தேடித் துளை போட்டவர்களுக்கு வெந்நீர் கிடைத்தது. 1932-ல் கிரெசன்ட் பூங்காவில் நீச்சல் கட்டடம் கட்டி அந்தத் தண்ணீரைப் பயன்படுத்தினார்கள், 1957-ல் அந்தக் கிணறு கைவிடப்பட்டது. பிறகு புதிதாகத் துளையிட்டு, 1996-ல் இந்த விடுதியைத் திறந்தார்கள். 1,300 மீட்டருக்கும் கீழே, பழங்காலக் கடல் இருந்த இடத்தின் பாறை அடுக்கிலிருந்து சூடாகவே மேலே வருகிறது. உதட்டில் பட்டால் உப்புக் கரிக்கும்.

குளத்தின் ஒரு பாதி கூரைக்குள், மறுபாதி திறந்த வெளியில். நடுவில் உள்ள வழியாக நீரைவிட்டு ஏறாமலே வெளியே போய்விடலாம். குளிர்காலத்தில் இதைச் செய்து பார்க்க வேண்டும். கழுத்து வரை வெந்நீர், முகத்தில் மைனஸ் 20 காற்று, எதிரில் இருப்பவர் ஆவியில் தெரியமாட்டார். பத்து நிமிடத்தில் நனைந்த முடி விறைத்து வெள்ளையாகிவிடும், பிள்ளைகள் ஒருவர் முடியை ஒருவர் தொட்டுப்பார்த்துக் கத்துவார்கள்.

குழந்தைகளை அனுமதிக்கிறார்கள், நேர விதிகளை விடுதியிலேயே கேளுங்கள். சூடான தண்ணீரில் பிள்ளைகளுக்கு உடம்பு சீக்கிரம் சோர்ந்துவிடும். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை கரையேற்றிப் பச்சைத் தண்ணீர் கொடுங்கள். ரத்த அழுத்தம், இதய நோய் உள்ள பெரியவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு இறங்கட்டும். கொலுசு, வெள்ளி அரைஞாண் எல்லாம் அறையிலேயே இருக்கட்டும், கனிமத் தண்ணீரில் கறுத்துப்போகும். விடுதியில் தங்காதவர்களும் கட்டணம் கட்டிக் குளிக்கலாம், ஆனால் விடுமுறை நாட்களில் கூட்டம் நெரியும். குளியலுக்காகவே வருவதானால் அங்கேயே ஓர் இரவு தங்கிவிடுவது நல்லது, விடிகாலையில் குளம் கிட்டத்தட்ட உங்களுக்கு மட்டும்.

காசு செலவில்லாமல் பிள்ளைகளை எங்கே ஓடவிடலாம்?

கிரெசன்ட் பூங்கா. மெயின் ஸ்ட்ரீட்டிலிருந்து இரண்டு நிமிட நடை. ஓடை, சின்னப் பாலம், வாத்துகள், பெரிய மரங்கள். மரமே இல்லாத சமவெளியில் இவ்வளவு நிழலை நட்டு வளர்த்தவர்களை நினைத்துக்கொள்வேன். நூலகமும் ஓவியக் கூடமும் பூங்காவுக்குள்ளேயே இருப்பதால் மழை வந்தால் ஒதுங்க இடம் உண்டு. கோடையில் திறந்தவெளி நீச்சல் குளமும் உண்டு, அதற்கு மட்டும் கட்டணம். 1934 பிரிட்டிஷ் பேரரசு விளையாட்டுப் போட்டியில் நான்கு தங்கம் வென்ற இந்த ஊர்ப் பெண் ஃபிலிஸ் டூவரின் பெயரை அந்தக் குளத்துக்கு வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் வாக்கமாவ் பள்ளத்தாக்கு, ஊரின் தென்புறம் ஆற்றோரமாக நடைபாதை, சைக்கிள் பாதை, அடுப்பு மூட்டிச் சமைக்க இடம். ஊருக்குள்ளே சுவரோவியங்கள் நாற்பதுக்கும் மேல். தகவல் மையத்தில் வரைபடம் வாங்கி, 'யார் அதிகம் கண்டுபிடிப்பது' என்று விட்டுவிட்டால் ஒன்றரை மணி நேரம் ஓடிவிடும்.

ரயில், விமானம் பிடித்த பிள்ளைக்கு?

'வெஸ்டர்ன் டெவலப்மென்ட் மியூசியம்' மாகாணத்தில் நான்கு ஊர்களில் இருக்கிறது. மூஸ் ஜா கிளையின் தலைப்பு போக்குவரத்து. பழைய கார், ரயில் பெட்டி, தலைக்கு மேலே தொங்கும் விமானம். கோடை வார இறுதிகளில் வெளியே 'ஷார்ட்லைன் 101' என்ற நீராவி ரயில் ஓடும், பெரியவர்களும் ஏறலாம். ஓடும் நாளா என்று கேட்டுவிட்டுப் போங்கள். எங்கள் இளையவள் ஓடாத நாளில் போய், நின்றுகொண்டிருந்த எஞ்சினைப் பார்த்து அழுத அழுகையை நான் இன்னும் மறக்கவில்லை.

ஊருக்குத் தெற்கே '15 விங்' என்ற விமானப்படைத் தளம். 1971-லிருந்து வான் சாகசம் காட்டிவரும் ஸ்னோபேர்ட்ஸ் குழுவின் தாயகம் அது. வானில் ஒன்பது விமானங்கள் ஒட்டினாற்போல் போவதைப் பார்க்க அதிர்ஷ்டம் வேண்டும். அவர்களுடைய ஆண்டு நிகழ்ச்சி நிரலையும் பாருங்கள். தளத்துக்குள் சும்மா போய்ப் பார்க்க முடியாது.

சமவெளி நடுவில் ஒரு கப்பல் இருக்கிறதாமே?

இருக்கிறது. எனக்கு இந்தப் பக்கத்திலேயே ரொம்பப் பிடித்த இடம். 2-ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே 13 கி.மீ. போனால் 'சுக்கனென் ஷிப்' அருங்காட்சியகம்.

டாம் சுக்கனென் பின்லாந்துக்காரர். அமெரிக்காவின் மினசோட்டாவில் குடும்பத்தை விட்டுவிட்டு 1911-ல் கால்நடையாகவே சஸ்காச்சுவான் வந்து நிலம் பிடித்தார். 1930-களில் மழை பொய்த்து, மண் பறந்து, பக்கத்துப் பண்ணைக்காரர்கள் ஊரைக் காலி செய்துகொண்டிருந்தபோது, இவர் வயல் நடுவே கடலில் போகும் கப்பல் ஒன்றைக் கட்ட ஆரம்பித்தார். சஸ்காச்சுவான் ஆற்றில் இறக்கி, ஹட்சன் விரிகுடா வழியாகப் பின்லாந்துக்கே போய்விடுவது திட்டம். இரும்புத் தகடு, சங்கிலி, கொதிகலன் எல்லாம் தானே அடித்துச் செய்தார். ஆற்றுக்கு 27 கி.மீ. தூரம். கப்பலைத் துண்டுதுண்டாக இழுத்துப் பார்த்தார், உடம்பு விட்டுக்கொடுத்தது, காசும் தீர்ந்தது. கடைசியில் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு 1943-ல் இறந்தார். பல வருடம் கழித்து இந்த வட்டாரத்து ஆட்கள் சிலர் அந்தத் துண்டுகளைத் தேடிக் கொண்டுவந்து பொருத்தி நிறுத்தினார்கள். அவருடைய கல்லறையும் இப்போது கப்பலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

கப்பலைச் சுற்றி ஒரு பழைய கிராமத்தையே கட்டி வைத்திருக்கிறார்கள், பள்ளிக்கூடம், கொல்லன் பட்டறை, தேவாலயம் என்று. குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். வெயிலுக்குத் தொப்பி, குடிக்கத் தண்ணீர் எடுத்துப் போங்கள். கப்பலின் அடிப்பாகத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள், சம்மட்டி அடித்த பள்ளங்கள் விரலுக்குத் தட்டுப்படும்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு என்ன கிடைக்கும்?

ஊரில் இந்திய உணவகம் உண்டு, ஆனால் இட்லி, தோசையை நம்பி வர வேண்டாம். விடுதியில் மைக்ரோவேவ் உள்ள அறையாகப் பார்த்து எடுங்கள். ரெஜைனாவில் இந்திய மளிகைக் கடைகள் இருக்கின்றன, வரும் வழியில் வாங்கிக்கொள்ளலாம். ரெஜைனாவில் இந்துக் கோயிலும் இருக்கிறது, பெரியவர்கள் கேட்டால் சொல்லுங்கள்.

இந்த மண்ணுக்கே உரியதைச் சாப்பிட வேண்டுமென்றால் இரண்டு. ஒன்று பெரோகி. உக்ரைனியர்கள் கொண்டுவந்த கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே உருளைக்கிழங்கும் சீஸும், மேலே வதக்கிய வெங்காயம். மேலே பன்றி இறைச்சித் துணுக்குத் தூவும் பழக்கம் உண்டு, வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். இன்னொன்று சஸ்கட்டூன் பெர்ரி பை. நாவல்பழம் மாதிரி நாக்கைக் கருநீலமாக்கும், துவர்ப்பும் லேசாக இருக்கும். பழம் ஜூலையில் வரும்.

உணவக பில்லில் 5 சதவீத மத்திய வரியும் 6 சதவீத மாகாண வரியும் தனியாகச் சேரும், டிப்ஸ் அதற்கும் மேலே.

குளிர்காலத்தில் மாலைப்பொழுது போக என்ன இருக்கிறது?

ஐஸ் ஹாக்கி. 'வாரியர்ஸ்' என்ற இந்த ஊர் இளைஞர் அணி 2024-ல் முதல்முறையாக 'வெஸ்டர்ன் ஹாக்கி லீக்' கோப்பையை வென்றது. செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை ஆட்டம். விதி தெரியாவிட்டாலும் கவலையில்லை, பக்கத்து இருக்கைத் தாத்தா சொல்லித்தருவார். உள்ளே குளிரும், ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டாம்.

வயதான அப்பா அம்மாவோடு வருகிறோம். அவர்களுக்குச் சரிப்படுமா?

சுரங்கம் தவிர மற்றவை சரிப்படும். பூங்காவில் பெஞ்சுகள் உண்டு, அருங்காட்சியகம் சமதளம். அவசரத்துக்கு 911. அவசரமில்லாத உடல்நலச் சந்தேகங்களுக்கு 811-ல் செவிலியரிடம் கேட்கலாம்.

நேரம் பற்றி ஒன்று. சஸ்காச்சுவானில் கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று கடிகாரத்தை மாற்றுவதில்லை. வருடம் முழுக்க இந்தியாவுக்கும் இங்கேயும் பதினொன்றரை மணி நேர வித்தியாசம். இங்கே இரவு ஒன்பது என்றால் சென்னையில் மறுநாள் காலை எட்டரை, ஊருக்குப் போன் போடத் தோதான நேரம்.

ஊருக்கு வெளியே இயற்கை பார்க்க எங்கே போகலாம்?

வடக்கே அரை மணி நேரத்தில் பஃபலோ பவுண்ட் மாகாணப் பூங்கா, ஏரியில் குளிக்கலாம், வேலிக்கு அப்பால் காட்டெருமைகள் மேய்வதைப் பார்க்கலாம். பழங்குடிகள் காட்டெருமைக் கூட்டத்தை விரட்டி ஒரு தொழுவத்துக்குள் அடைத்து வேட்டையாடிய முறையிலிருந்து வந்த பெயர் அது. ரெஜைனாவுக்கும் மூஸ் ஜாவுக்கும் குடிதண்ணீர் இந்த ஏரியிலிருந்துதான். காருக்கு நுழைவுச் சீட்டு எடுக்க வேண்டும்.

கால்கரிப் பக்கம் திரும்புபவர்கள் மேற்கே சுமார் 85 கி.மீ.யில் சாப்ளின் ஏரியில் நிறுத்துங்கள். ஜூலை வெயிலில் சாலையோரம் பனி கொட்டிக் கிடப்பது மாதிரி வெள்ளை வெளேரென்று தெரியும். அது சோடியம் சல்பேட், சலவைத்தூளுக்குப் போகிற உப்பு, இங்கே ஆலையே இருக்கிறது. மே மாதத்தில் ஆர்க்டிக்குக்குப் போகும் கரைப்பறவைகள் ஆயிரக்கணக்கில் இங்கே இறங்கி இரை தின்னும்.

எங்களுக்கு ஒரே ஒரு மதியம்தான் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

மானுக்குப் பதினைந்து நிமிடம். பையன் ரயில் பைத்தியம் என்றால் அருங்காட்சியகம், இல்லையென்றால் நேரே கப்பல். மூன்றரை மணிக்கு கிரெசன்ட் பூங்காவில் பாயை விரித்துச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரியுங்கள். ஊருக்கு நடுவே சரக்கு ரயில் போகும் சத்தம் கேட்கும், பெட்டிகளை எண்ணச் சொல்லுங்கள். நூறைத் தாண்டினால் எண்ணுவதை விட்டுவிட்டு மான் நடமாட்டம் தொடங்குவதற்குள் கிளம்பிவிடுங்கள்.